முரட்டு: சொரசொரப்பும் உறுதியும் கலந்த சொல்

விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும். நேராகப் பிளந்துகொண்டே வரும் கட்டை, கணு இருக்கும் இடத்தில் கோடரியை நிறுத்திவிடும். நார்கள் அங்கே முறுக்கிக்கொண்டு கிடக்கும். தடவினால் கையை உறுத்தும், வெட்டினால் எளிதில் வெட்டுப்படாது. மரக்கணுவுக்கு 'முருடு' என்றொரு பெயர் உண்டு. 'முரடு' அதன் உடன்பிறப்பு. சொரசொரப்பு, உறுதி என்ற இரண்டு பொருளும் இந்தச் சொல்லுக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

முரடு என்பது பெயர்ச்சொல். இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாக வரும்போது 'முரட்டு' ஆகிறது. வயிறு 'வயிற்றுவலி' ஆவதும், ஆடு 'ஆட்டுக்கால்' ஆவதும் இதே முறைதான். உயிர்த்தொடர், நெடில்தொடர்க் குற்றியலுகரங்களில் ட், ற் இரட்டிக்கும்.

முரட்டுத் துணி என்றால் தொடுவதற்குச் சொரசொரப்பானது, ஆனால் சீக்கிரம் கிழியாதது. முரட்டுக்காளை எளிதில் அடங்காதது. முரட்டுப் பிடிவாதம் யார் சொன்னாலும் இறங்கி வராதது. முரட்டு வைத்தியம் நோயாளியின் வலியைப் பொருட்படுத்தாதது. கைக்குத் தெரிந்த குணம் படிப்படியாக மனிதரின் சுபாவத்துக்கும் பெயராகிவிட்டது.

'கரடுமுரடு' என்பதில் வரும் கரடும் தனிப்பொருள் உள்ள சொல்தான். ஓசைக்காகச் சேர்ந்த ஒட்டு அல்ல. கொங்கு நாட்டில் பாறையும் புதருமான சிறு குன்றைக் கரடு என்பார்கள். கோபிசெட்டிபாளையத்தை ஒட்டியுள்ள கரட்டடிபாளையத்தின் பெயரிலேயே அந்தக் கரடு இருக்கிறது. சொரசொரப்பான தோலுள்ள ஓணானுக்குக் கரட்டோணான் என்று பெயர்.

அண்டை மொழிகளிலும் இந்தச் சொற்கள் வாழ்கின்றன. தெலுங்கில் 'மொரட்டு' என்றால் நயமற்ற, முரட்டுத்தனமான என்று பொருள். திருந்தாத குற்றவாளியை அங்கே 'கரடுகட்டின' என்ற அடைமொழியோடு சொல்வார்கள். இறுகிப்போனவன் என்று அர்த்தம். கன்னடத்தில் 'கரடு' என்பது செப்பனிடாத முதல் எழுத்துப்படி.

ஆகவே ஒருவரை முரடர் என்று சொல்லும்போது வசை மட்டுமே நம் காதில் விழ வேண்டியதில்லை. கோடரியை நிறுத்திய அந்தக் கணுவின் உறுதியும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.