மாதவிடாய் நின்றபின் பிரஷர் ஏறுவது ஏன்?

45 வயதுவரை 120/80 காட்டிய பெண்ணுக்கு, மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் 150/90 காட்டுகிறதே, ஏன்? வயது ஒரு காரணம். அது மட்டுமல்ல.

ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டுகிறது. குழாய்த் தசையைத் தளர்த்தி வைப்பது அந்த வாயுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் குழாய் விறைக்கிறது. உடல் உப்பைத் தாங்கும் திறனும் குறைகிறது. அதே கருவாடும் ஊறுகாயும் இப்போது அழுத்தத்தை ஏற்றுகின்றன. கெட்ட கொழுப்பும் கூடுகிறது.

உடம்பு குப்பென்று சூடாகி வியர்ப்பதை, படபடப்பை, "இந்த வயசுல வர்றதுதான்" என்று விட்டுவிடுகிறோம். பிரஷரோ பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அளந்தால்தான் தெரியும்.

பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை, குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து அதை இளக வைக்கிறது. இதனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும்; பெண்களுக்கு இது சற்று அதிகம். எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை தரும் வறட்டு இருமலும் அப்படியே. இதற்குப் பயந்து பலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பேராபத்து. மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை உண்டு. அவற்றில் தையசைடு வகை, சிறுநீரில் கால்சியம் வீணாவதையும் குறைக்கும். எலும்பு தேயும் வயதில் அது கூடுதல் நன்மை.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. வானூர்ப் பக்கத்து அக்காமாரே, அடுத்தமுறை தன்னார்வலர் வரும்போது வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அளக்கச் சொல்லுங்கள்.