கணிப்பொறி வலையின் அளவு

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லிக்கு அருகில் நூம்பல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூருக்குத் தென்மேற்கில் சில கல் தொலைவில் பரந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. அது சென்னை மக்களின் குடிநீருக்கு ஆதாரமாக விளங்குவதால், அதன் நீர்க்கணக்கை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. அக்கணக்கில் மூன்று எண்களைக் காணலாம். ஏரி எவ்வளவு நீரைக் கொள்ளும் என்பது ஒன்று; இன்று எவ்வளவு நீர் இருக்கின்றது என்பது மற்றொன்று; எவ்வளவு நீர் எடுத்துப் பயன்படுத்தப்பட்டது என்பது மூன்றாவது. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2019ஆம் ஆண்டுக் கோடையிலும் இந்த எண் குறையவில்லை. ஆயினும் ஏரி வறண்டு கிடந்தது. ஆகவே, ஓர் எண்ணை மட்டும் கண்டு உண்மை நிலையை அறிந்துவிட இயலாது.

கணிப்பொறி வலையை அளப்பதற்கும் இதுவே நெறியாகும். பெருங்கணக்கு ஒன்றை ஒரே பொறி செய்து முடிக்கப் பன்னெடுங்காலம் ஆகலாம். அதனைச் சிறு கூறுகளாகப் பகுத்துப் பல இடங்களிலுள்ள பொறிகளுக்கு அனுப்பி, அவை தரும் விடைகளை ஒன்றுசேர்த்தால் வேலை விரைவில் முடியும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற இம்முறைக்குப் பகிர்ந்த கணிப்பு என்று பெயர்.

அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகம் 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘செட்டி அட் ஹோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளில் அறிவுடைய உயிர்களின் குறிப்பு ஏதேனும் உண்டா என்று ஆராய்வது அதன் நோக்கம். உலகெங்கும் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் தத்தம் வீட்டுக் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை அதற்கு ஈந்தனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு வேலைப் பகுதிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் ‘கருடா’ என்னும் கணிப்பு வலையை அமைத்தது. சென்னை உள்ளிட்ட 17 நகரங்களில் இருந்த 45 நிறுவனங்களை அது இணைத்தது.

இத்தகைய வலையின் அளவை எவ்வாறு அறிவது? பெயர் பதிந்தோரை எண்ணுவது எளிது. ஆனால் பதிந்தவருள் சிலர் சின்னாளில் விலகியிருப்பர். சிலருடைய பொறி பழுதாகியிருக்கும். ஆதலின், குறிப்பிட்ட நாட்களுக்குள் விடை அனுப்பிய பொறிகளையே இயங்கும் பொறிகள் என்று கொள்வர். அக்கால எல்லையை மிக நீட்டினால், நின்றுபோன பொறியும் கணக்கில் சேர்ந்துவிடும். மிகக் குறுக்கினால், மெதுவாக உழைக்கும் பொறி விடுபட்டுப் போகும்.

அடுத்து, செய்த வேலையை அளத்தல் வேண்டும். நிறுவனங்களின் வலையில் செயலிகளின் எண்ணிக்கையை வேலை நேரத்தால் பெருக்குவர். 100 செயலிகள் 5 மணி நேரம் உழைத்தால் அது 500 செயலி-மணி ஆகும். ஆனால் எல்லாச் செயலிகளும் ஒரே வேகம் உடையவை அல்ல. எனவே ஒரே சோதனைக் கணக்கை எல்லாவற்றுக்கும் கொடுத்து, வேகத்திற்கு ஏற்ப மதிப்பைத் திருத்துவர். தன்னார்வலர் வலைகளில் வேறொரு காப்பும் தேவைப்பட்டது. புகழை விரும்பிப் பொய்க் கணக்குக் காட்டியோரும் உண்டு. ஆகையால் ஒரே கூற்றை இரு பொறிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால் மட்டுமே மதிப்பெண் வழங்கினர்.

இவ்வளவைகள் வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதை 2020ஆம் ஆண்டு உணர்த்திற்று. கொரோனா நோய் பரவியபோது, அந்நோய்க் கிருமியின் புரதங்களை ஆராய்ந்த ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ வலையில் மக்கள் திரண்டு சேர்ந்தனர். சுமார் 30,000 பொறிகள் இயங்கிய அவ்வலையில் சில மாதங்களுக்குள் 10 இலட்சத்திற்கு மேற்பட்ட பொறிகள் இணைந்தன. ஆனால் தொடக்கத்தில் அத்தனை பொறிகளுக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்க நடுநிலையப் பொறிகளால் இயலவில்லை. உதவ வந்தவர்களின் பொறிகள் பல, வேலையின்றிக் காத்திருந்தன. வலை பெருகியது, பயன் அதே விகிதத்தில் பெருகவில்லை. இக்குறையை உணர்ந்த அறிஞர்கள் நடுநிலையப் பொறிகளின் எண்ணிக்கையைக் கூட்டினர். அதன்பின் அவ்வலை நொடிக்கு ஒரு கோடியே கோடிக்கும் பன்மடங்கு மிக்க கணக்குகளைச் செய்யும் ஆற்றல் பெற்றது.

கொள்ளளவு வேறு, இருப்பு வேறு, பயன் வேறு. பலர் மனமுவந்து அளித்த உழைப்பு வீணாகாமல் காப்பது நேர்மையான அளவையே. ‘எத்தனை பேர் சேர்ந்தனர்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எவ்வளவு வேலை நிறைவேறியது?’ என்றும் கேட்டறிவதே அறிவுடைமையாகும்.