பழைய கடிதத்தைத் தேடித் தருமா புதிய பெட்டி?

தோட்டத்து வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், சேமநிதிக் கணக்குத் தாள், ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் அதற்குள்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட எந்தத் தாள் எந்த மடிப்பில் இருக்கிறதென்று அறிந்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இன்று அந்தப் பெட்டியின் வேலையை மின்னஞ்சல் செய்கிறது. பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி, வேலைக்கான கடிதம், மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதி எல்லாம் அதன் வழியாகவே வருகின்றன. பெட்டி பெரிது, கடிதங்களோ ஆயிரக்கணக்கில். தேடும் வசதி ஒன்று இருப்பதால்தான் நாம் தைரியமாக இருக்கிறோம். அந்த வசதி போய்விட்டால், கடிதம் கிணற்றில் போட்ட கல்தான்.

மென்பொருளைப் புதுப்பித்தால் எல்லாம் முன்னைவிட நன்றாகவே இருக்கும் என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் புதியது வரும்போது பழைய வசதி ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவதும் உண்டு. தமிழில் கடிதம் எழுதுவோருக்கு இந்த இழப்பு இரண்டு பங்கு.

ஒரு பெயரைத் தேடியபோது

சுங்கை பூலோ வட்டாரத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பால்மரங்கள் நின்ற நிலத்தில் குவாசா டாமன்சாரா என்ற புதுநகர் எழுந்துள்ளது. 2016 டிசம்பரிலிருந்து இவ்வழியே எம்.ஆர்.டி. இரயில் ஓடுகிறது. லயங்களில் இருந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. கிராணியார் எழுதிய செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயினவோ, யாருக்கும் தெரியாது.

அப்படி இடம் மாறிய குடும்பத்துப் பெண் ஒருவர், தம் அடையாளப் பத்திரத்துக்காகப் பள்ளிப் பதிவு வேண்டுமென்று எங்களிடம் வந்தார். பிறப்பைப் பதிவு செய்வதில் தாமதமாகி, பள்ளியில் சேர்ந்த ஆண்டும் குழம்பியிருந்தது. தாயாரும் காலமாகிவிட்டார். பழைய பதிவேடுகளோ கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடந்தன. ஆண்டு தெரியாமல் எந்தக் கட்டை அவிழ்ப்பது?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒவ்வோர் ஆண்டும் பரிசு பெற்ற மாணவர்களின் பெயர்ப் பட்டியலைத் தமிழிலேயே பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி வந்தார். பழைய கணினியில் ஒரு பெயரைத் தட்டினால் உரிய பட்டியல் வந்து நிற்கும். மென்பொருள் மாறியபோது கடிதங்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன; எண்ணிக்கையும் சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டினால், 'இல்லை' என்ற பதில்தான் வந்தது.

நம் மக்களுக்கு இது சின்ன விஷயமன்று. 2011-இல் அரசாங்கம் மைடஃப்தார் இயக்கத்தை நடத்தியபோது, பத்திரமில்லாமல் தவித்த இந்தியக் குடும்பங்களை நாடே பார்த்தது. ஒரு தாள் இல்லையென்றால் பிள்ளையின் படிப்பும் வேலையும் தடைப்படும்.

எழுத்துக்குப் பின்னால் எண்

கடிதம் இருந்தும் கணினி ஏன் இல்லை என்றது? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால், அந்த எண்களின் வரிசை எங்கே இருக்கிறதென்றுதான் அது பார்க்கும்.

கணினியில் தமிழ் வந்த தொடக்க காலத்தில் இந்த எண் பட்டியல் ஒன்றாக இருக்கவில்லை. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன், 1980-களின் நடுவில் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் வந்த 'முரசு அஞ்சல்' மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களைக் கணினியில் தமிழ் எழுத வைத்தது. 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்து பேசி 'திஸ்கி' என்ற பட்டியலை அமைத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்ற பட்டியல்கள் வந்தன. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இந்த உழைப்பு இல்லையேல் அன்று தமிழில் மின்னஞ்சலே இல்லை.

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான 'யூனிகோட்' என்னும் ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் அது மக்கள் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது 2010-இல்தான். இன்று கைப்பேசியில் நாம் தட்டும் தமிழ் இந்த ஒருங்குறியே.

சிக்கல் இங்கேதான். 'கொ' என்ற எழுத்தைத் திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு, ககரம், கால் என்று மூன்று எண்களாக வைத்தார்கள். ஒருங்குறியில் முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. எண்ணும் வேறு, வரிசையும் வேறு. பழைய கடிதம் பழைய எண்ணில் கிடக்கிறது. புதிய மென்பொருளோ புதிய எண்ணைத் தேடுகிறது. ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கும்?

பாதிச் சொல்லும் முழுச் சொல்லும்

இன்னொரு காரணமும் உண்டு. பழைய மின்னஞ்சல் மென்பொருள்கள் பல, கொடுத்த எழுத்துகள் கடிதத்தில் எங்கே வந்தாலும் பிடித்துத் தரும். 'தோட்ட' என்று தட்டினால் தோட்டம், தோட்டத்தில், தோட்டத்துக்கு எல்லாம் வரும். புதிய சேவைகள் பலவற்றில் முறை வேறு. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் சொல் அகராதியைப் போல, முன்கூட்டியே சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொண்டு அதில் தேடுகின்றன. இலட்சக்கணக்கான கடிதங்களில் விரைவாகத் தேட அது உதவும். ஆனால் பாதிச் சொல்லைக் கொடுத்தால் கைவிரித்துவிடக்கூடும். சொல்லோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும் தமிழுக்கு இது பெரிய இடைஞ்சல்.

இந்தக் குறை நமக்கு மட்டுமன்று. 1988-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதிய 'யூடோரா' மின்னஞ்சல் மென்பொருள் தேடுவதற்கு வசதியானது என்று பெயர் பெற்றது. 2006-இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டபோது, விட மனமில்லாமல் பலர் அதையே தொடர்ந்து பயன்படுத்தினர். 2018-இல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் மூல நிரலை வெளியிட்டது.

வின்டோஸ் கணினியிலும் இதே கதை. எக்ஸ்.பி.யோடு வந்த 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' 2007-இல் விஸ்டா வந்தபோது 'வின்டோஸ் மெயில்' ஆனது. பிறகு 'லைவ் மெயில்' வந்தது. அதற்கான ஆதரவு 2017 ஜனவரியில் நின்றது. அடுத்து வந்த 'மெயில்' செயலியும் 2024 முடிவோடு ஓய்ந்தது. வீடு மாறும்போது சாமான் உடைவது போல, ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒன்று விடுபடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

அந்தப் பெண்ணின் பெயர் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். தமிழ் எழுத்தின் எண்கள் மாறினாலும், அனுப்பியவரின் ஆங்கில முகவரியும் தேதியும் மாறவில்லை. தலைமையாசிரியரின் முகவரியைக் கொடுத்து, ஆண்டு ஆண்டாகக் கடிதங்களைத் திறந்தோம். திறந்தால் வெறும் கிறுக்கல். பழைய எழுத்துருவை ஏற்றிய பிறகே தமிழ் தெரிந்தது. மூன்று மாலை நேரங்கள் கழிந்தன. 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில், நான்காம் ஆண்டு வகுப்பில், கையெழுத்துப் போட்டியில் இரண்டாம் பரிசு என்று அவர் பெயர் இருந்தது. ஆண்டு தெரிந்ததும் பதிவேட்டை எடுப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இதிலிருந்து நம் வீடுகளுக்குச் சில யோசனைகள்:

1. கணினியையோ மென்பொருளையோ மாற்றுமுன் பழைய கடிதங்களுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். புதியதில் நான்கைந்து பழைய பெயர்களைத் தேடிப் பார்த்து, கிடைக்கிறதென்று உறுதியான பிறகே பழையதை நீக்குங்கள்.

2. பழைய எழுத்துருவில் உள்ள கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கென்றே உள்ளன. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் செய்து கொடுக்கும்.

3. ஒரு சொல் கிடைக்காவிட்டால் உருபு சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். அதற்கும் கிடைக்காவிட்டால் அனுப்பியவர் முகவரியையும் தேதியையும் கொண்டு தேடுங்கள்.

4. பெயரை எல்லா எழுத்துக் கூட்டலிலும் தட்டிப் பாருங்கள். லெட்சுமி, லட்சுமி, இலக்குமி நமக்கு ஒருவர், கணினிக்கு மூவர். ரூமி எழுத்தில் பிறப்புப் பத்திரம் எழுதியவர்கள் கூட்டிய விதங்களோ இன்னும் அதிகம்.

5. முக்கியமான கடிதம் வந்தால் தாளில் அச்சிட்டு, வந்த தேதியையும் அனுப்பியவரையும் மேலே எழுதி வையுங்கள்.

புதியதை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஒருங்குறி வந்ததால்தான் கித்தா மரம் சீவிய தாத்தாவும் வெளியூரில் படிக்கும் பேத்தியும் கைப்பேசியில் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் மாறுகிற ஒவ்வொரு முறையும், இதுவரை தேடிக் கிடைத்தது இனியும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இந்த வாரமே உங்கள் மின்னஞ்சலைத் திறந்து, பத்தாண்டுகளுக்கு முன் வந்த ஒரு கடிதத்தைத் தேடுங்கள். கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால், அவசரத் தேவை வருமுன் வழி தேட உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.