இதயத்தைக் காக்கும் இருபது விநாடிகள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயாகும். தொடக்கத்திலேயே கண்டறிந்துவிட்டால் இந்நோயிலிருந்து குணமடையும் வாய்ப்பு மிக அதிகம். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின் மூலம் கட்டியை அகற்றிவிடுவார்கள். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் சில உடலில் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை அழிப்பதற்காகப் பலருக்குக் கதிரியக்கச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. அச்சிகிச்சையின்போது, நோயாளியே தம் மூச்சை அடக்கித் தம் இதயத்தைக் காத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு.

கதிரியக்கச் சிகிச்சையில், ஆற்றல் மிகுந்த ஊடுகதிர்கள் ஓர் இயந்திரத்திலிருந்து மார்பகத்தின்மீது செலுத்தப்படுகின்றன. அவை புற்றணுக்களின் மரபுப்பொருளைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கின்றன. வார நாள்களில் நாளுக்கு ஒரு முறை எனப் பலருக்கு 3 வாரங்களில் 15 முறை இச்சிகிச்சை தரப்படுகிறது. சிலருக்கு இந்த எண்ணிக்கை கூடலாம், குறையவும் செய்யலாம். கதிர்கள் பாயும்போது வலி தெரியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இதயம் நெஞ்சின் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து, மார்புச் சுவரை ஒட்டியே அமைந்துள்ளது. எனவே, இடது மார்பகத்திற்குச் சிகிச்சை அளிக்கும்போது கதிர்களில் ஒரு பகுதி இதயத்தின்மீதும் படக்கூடும். இதனால் என்ன விளையும் என்பதை ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா டார்பியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் விவரங்களை அவர்கள் ஒப்பிட்டனர். அந்த ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதயம் பெறும் சராசரிக் கதிர்வீச்சு ‘ஒரு கிரே’ அளவு கூடினால், மாரடைப்பு போன்ற கடுமையான பாதிப்புகள் நேரும் வாய்ப்பு, முன்பிருந்ததைவிட 7.4 விழுக்காடு கூடுவதை அது காட்டியது. பெரும்பாலோருக்குச் சிகிச்சையால் கிட்டும் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரியது. இருப்பினும், சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் வாழப்போகும் ஒருவரின் இதயத்தை இயன்றவரை காப்பது மருத்துவர்களின் கடமையல்லவா?

இதற்குத் துணைபுரிவது மூச்சு. மூச்சை ஆழமாக உள்ளிழுக்கும்போது நுரையீரல்கள் பலூனைப் போல விரிகின்றன. அவற்றின் அடியில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்குகிறது. அதனுடன் இதயமும் கீழ்நோக்கி நகர்ந்து மார்புச் சுவரைவிட்டு விலகுகிறது. காற்று நிறைந்த நுரையீரல் அந்த இடைவெளியை நிரப்புகிறது. அந்நிலையில் மூச்சை அடக்கிக்கொண்டால், இதயத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு மார்பகத்திற்கு மட்டும் கதிர்களைச் செலுத்த முடிகிறது. பேச்சுவழக்கில் இதைத்தான் ‘தம் பிடிப்பது’ என்கிறோம்.

சிகிச்சை தொடங்குமுன், நோயாளி மூச்சை அடக்கிய நிலையிலேயே சிடி ஸ்கேன் எடுக்கப்படும். அதை வைத்தே கதிர்கள் பாய வேண்டிய இடத்தைத் திட்டமிடுவார்கள். பின்னர், ஒவ்வொரு நாளும் அதே அளவு மூச்சை இழுத்து, சுமார் 20 விநாடிகள் அடக்கிவைக்க வேண்டும். ஒரே நாளில் இதைப் பல முறை செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் இயல்பாக மூச்சு விட்டு இளைப்பாறலாம்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், பலருக்கு இது அச்சத்தைத் தருகிறது. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிகிச்சையாளர்கள் அறையைவிட்டு வெளியேறிவிடுவார்கள். “என்னால் மூச்சை அடக்க முடியாவிட்டால்? நடுவில் இருமல் வந்தால்? கதிர்கள் வேறு இடத்தில் பட்டுவிட்டால்?” என்ற கேள்விகள் மனத்தை வாட்டும்.

இயந்திரம் செயல்படும் விதத்தை அறிந்தால் இந்த அச்சம் பெருமளவு தணியும். பல மருத்துவமனைகளில், நோயாளியின் மார்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைச் சிறப்புக் கேமராக்கள் இடைவிடாமல் கண்காணிக்கின்றன. மூச்சு உரிய அளவில் இருந்தால் மட்டுமே கதிர்கள் பாயும். அளவு மாறினால் கதிர்கள் உடனே நிறுத்தப்படும். வெளியே இருக்கும் சிகிச்சையாளர்கள் திரையில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒலிபெருக்கி வழியாகப் பேசவும் செய்வார்கள். முடியாதபோது மூச்சை விட்டுவிடலாம். சற்று இளைப்பாறிவிட்டு மீண்டும் தொடரலாம்.

மூச்சு முட்டுவது போன்ற உணர்வைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. உடலில் உயிர்வாயு தீர்ந்துவிட்டதால்தான் அந்த உணர்வு எழுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதே அதற்கு முக்கியக் காரணம். ஆழமாக இழுத்த மூச்சில் 20 விநாடிகளுக்கு வேண்டிய உயிர்வாயு தாராளமாகவே இருக்கும். மூச்சுவிடத் தூண்டும் அந்த உணர்வை ஆபத்தின் அறிகுறியாக எண்ணிப் பதற்றமடையத் தேவையில்லை.

பயிற்சியும் கைகொடுக்கும். சிகிச்சைக்குச் சில நாள்கள் முன்பிருந்தே, மருத்துவக் குழுவினர் கற்றுத்தரும் முறைப்படி வீட்டில் பழகலாம். மல்லாந்து படுத்து, தோள்களைத் தளர்த்தி, முதலில் இயல்பாகச் சில முறை மூச்சுவிட வேண்டும். பிறகு, முதுகை வளைக்காமல் மெல்ல மூச்சை இழுத்து அடக்க வேண்டும். தொடக்கத்தில் 10 விநாடிகள் போதும். சிறிது சிறிதாக அதை 20 விநாடிகளுக்கு உயர்த்தலாம். மனத்துக்குள் எண்ணுவதோ பிடித்த பாடலை நினைத்துக்கொள்வதோ நேரத்தைக் கடக்க உதவும். தலைசுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். தாயோ பாட்டியோ இவ்வாறு பழகும்போது, வீட்டுப் பிள்ளைகள் அருகில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். அந்தச் சிறு உதவி, ‘நான் தனியாக இல்லை’ என்னும் துணிவை அவருக்குத் தரும்.

இம்முறை எல்லாருக்கும் பொருந்தாது. மூச்சிரைப்பு போன்ற காரணங்களால் சிலரால் மூச்சை அடக்க முடியாமல் போகலாம். அது அவர்களின் தோல்வியன்று. குப்புறப் படுக்கவைத்தல், கதிர்களின் பாதையை மாற்றியமைத்தல் போன்ற வேறு வழிகளில் மருத்துவர்கள் இதயத்தைக் காக்க முயல்வார்கள்.

நோயுற்றவர்கள் பலர், தம் உடல் தம் கட்டுப்பாட்டில் இல்லை என்று வருந்துவதுண்டு. மூச்சை அடக்கும் இம்முறையிலோ, நோயாளி தயாராகும்வரை அவ்வளவு பெரிய இயந்திரமும் காத்திருக்கிறது. எப்போது மூச்சை இழுப்பது, எப்போது விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. முதல் நாள் நடுங்கியவர்கள்கூட, நாள்கள் செல்லச் செல்ல நம்பிக்கையுடன் மூச்சை அடக்கப் பழகிவிடுவார்கள். தம் சிகிச்சையில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்ற எண்ணமே அவர்களுக்குத் தெம்பூட்டுகிறது.