25% கூடுதலும் 25% தள்ளுபடியும் ஒன்றல்ல, தெரியுமா?

40 ரூபாய்க்கு 100 கிராம் பிஸ்கட். அதே விலையில் '25% கூடுதல்' தருகிறது ஒரு கம்பெனி. '25% தள்ளுபடி' தருகிறது இன்னொன்று. எதை எடுப்பீர்கள்? முதலாவதில் 125 கிராம் கிடைக்கிறது, கிராம் 32 பைசா. இரண்டாவதில் 100 கிராம் 30 ரூபாய்தான், கிராம் 30 பைசா! ஆக, 25% கூடுதல் என்பது உண்மையில் வெறும் 20% தள்ளுபடி. '50% கூடுதல்' என்றால்? 33% தள்ளுபடிதான்!

ஆனால் நம் கண் போவது பெரிய எண் பக்கம். ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் 2012-ல் வந்த ஆய்வில், கைக்குப் பூசும் லோஷனுக்கு விலையைக் குறைத்தபோது விற்றதைவிட, ஏறக்குறைய அதே லாபம் தரும் அளவுக்குக் கூடுதலாக லோஷன் கொடுத்தபோது 73% அதிகம் விற்றதாம்!

அளவைக் குறைக்கும்போது கணக்கு நம் மேல் திரும்புகிறது. விலையைத் தொடாமல் 100 கிராமை 80 ஆக்கினால், குறைந்தது 20%. கிராம் விலை ஏறியதோ 25%! டோப்லரோன் சாக்லேட் 2016-ல் பிரிட்டனில் 400 கிராமிலிருந்து 360 கிராமாக இளைத்தது நினைவிருக்கிறதா? முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளி அகலமானதுதான் மிச்சம். இப்படி இளைத்த பொருள்களுக்குப் பெரிய கடைகள் 2 மாதம் அறிவிப்பு வைத்தாக வேண்டும் என்று 2024 ஜூலை முதல் பிரான்ஸில் விதியே இருக்கிறது. நமக்கும் அப்படியொன்று வர வேண்டும்!

நம் பாக்கெட்டுகளிலும் எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அலகு விலை இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? 2021-ல் திருத்திய விதிப்படி வந்தது அது. 1 கிலோவுக்குக் குறைந்தால் கிராம் விலை, கூடினால் கிலோ விலை. அதனால் 800 கிராம் பாக்கெட்டில் 0.27 என்றும் 2 கிலோ பாக்கெட்டில் 268 என்றும் இருக்கும். ஆயிரத்தால் பெருக்கினால் 270 வருகிறதே, 2 கிலோதான் மலிவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்! 0.27 என்பது இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிய எண். அதற்குள் கிலோ 265-உம் ஒளிந்திருக்கலாம், 274-உம் ஒளிந்திருக்கலாம். இந்த மாதிரி இடத்தில் போனை எடுத்து எம்.ஆர்.பி.யை எடையால் வகுத்துவிடுவதே நல்லது.

சமையல் எண்ணெய் 1 லிட்டர் சுமார் 910 கிராம்தான், தெரியுமா? லிட்டர் பாக்கெட்டும் கிலோ பாக்கெட்டும் ஒரே விலை என்றால், கிலோவில் ஏறக்குறைய 10% எண்ணெய் அதிகம்!

பெரியதாக வாங்கினால் எப்போதும் மலிவு என்பதும் சரியில்லை. சாஷே பாக்கெட்டுகளின் முன்னோடி என்று கடலூர்த் தொழில்முனைவர் சின்னி கிருஷ்ணனைச் சொல்வார்கள். அந்த வழியில் வந்த ஷாம்பு சாஷேயைப் பாருங்கள். இன்றும் பல ஷாம்புகளில் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு! 5 மில்லி 1 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மில்லி 20 பைசா. 100 மில்லி பாட்டில் 80 ரூபாய் என்றால் மில்லி 80 பைசா. 4 மடங்கு, சதவீதத்தில் 300% கூடுதல்!