சம்பளச் சீட்டில் 120 ரூபாய்

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளருக்கு மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கென்று அவர் சம்பளத்தில் 120 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 520 ரூபாய் கட்டவேண்டும். தொழிலாளிக்கு 0.75 சதவீதம், முதலாளிக்கு 3.25 சதவீதம் என்பது 2019 ஜூலையில் வந்த கணக்கு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும்.

இதை மருத்துவத்துக்கான பிடித்தம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வேலை போனாலும் இந்த நிதி கைகொடுக்கும்.

இ.எஸ்.ஐ.யின்கீழ் 2018இல் தொடங்கிய அடல் என்ற வேலையிழப்பு உதவித் திட்டத்தில், வேலையிழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் கிடைத்தது. கொரோனா காலத்தில், 2020இல், அது 50 சதவீதமானது. அதிகபட்சம் 90 நாள்; வாழ்நாளில் ஒருமுறை மட்டும். நம் விற்பனையாளருக்கு மூன்று மாதத்தில் ஏறக்குறைய 24,000 ரூபாய் வரும். வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் சந்தா முறையாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

டெல்டாவில் நாற்று நடும் பெண்களுக்கோ சம்பளச் சீட்டும் இல்லை, நிலையான முதலாளியும் இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் இந்த ஏற்பாடு அவர்களை எட்டுவதில்லை. அறுவடை முடிந்தபின் வரும் வேலையில்லா மாதங்களுக்கு அவர்களுக்கும் ஒரு நிதி வேண்டும். அதை அரசுதான் வரிப்பணத்திலிருந்து தரவேண்டியிருக்கும்.