மட்டுக்குறியின் உட்பொருள்

கணிதத்திற் குறியீடு என்பது கருத்தின் சுருக்கமேயன்றிக் கருத்திற்கு மாற்று அன்று. குறியைக் கையாளும் விதியை மாத்திரம் மனனஞ் செய்து பொருளை மறந்த மாணாக்கர் இடர்ப்படும் இடங்களுள் மட்டுச் சமன்பாடும் ஒன்றாகும்.

ஓர் எண்ணின் மட்டாவது, எண்கோட்டிற் பூச்சியத்திலிருந்து அவ்வெண் நிற்கும் தூரம். 5, −5 ஆகியன பூச்சியத்தின் இருமருங்கும் ஒரே தூரத்தில் நிற்றலின் இரண்டினதும் மட்டு 5 ஆகும். தூரம் மறையெண்ணாகாது, ஆதலின் மட்டும் மறையெண்ணாகாது. இதனை இரு நிலைக்கோடுகளாற் குறிக்கும் முறையை 1841ஆம் ஆண்டிற் கையாண்டவர் ஜேர்மன் கணித அறிஞர் கார்ல் வையர்ஸ்திராஸ். பேர்லினிற் பேராசிரியராகுமுன் அவர் பல்லாண்டு பாடசாலை ஆசிரியராயிருந்தவர்.

அறியப்படாத எண்ணை ய என்க. |ய − 2| என்பது ய இற்கும் 2 இற்கும் இடைப்பட்ட தூரம். எனவே |ய − 2| = 3 எனின், 2 இலிருந்து 3 அலகு தூரத்திலுள்ள −1, 5 என்பனவே தீர்வுகள். சமனிலிகளுக்கும் இதுவே நெறி. |ய − 2| < 3 எனின், ய அவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ளது. அதாவது −1 < ய < 5. |ய − 2| > 3 எனின், அவற்றிற்கு வெளியே உள்ளது. அதாவது ய < −1 அல்லது ய > 5. பின்னதை 5 < ய < −1 என ஒருங்கிணைத்து எழுதுவாருமுளர். 5 இலும் பெரிதாய் −1 இலும் சிறிதாய் ஓரெண்ணும் இன்மையின் அது பெருந்தவறாகும்.

வலப்பக்கத்திலும் ய வருமிடத்து மேலும் விழிப்பு வேண்டும். |ய − 3| = 2ய என்பதை நோக்குக. ய ஆனது 3 அல்லது அதனிற் பெரிது எனக் கொள்ளின், ய − 3 = 2ய; ஆகவே ய = −3. இது கொண்ட எடுகோளுக்கு முரணாதலின் விலக்கத்தக்கது. ய ஆனது 3 இலும் சிறிது எனக் கொள்ளின், 3 − ய = 2ய; ஆகவே ய = 1. இது எடுகோளுக்கு இணங்குதலின் இதுவே தீர்வு. இருபக்கங்களையும் வர்க்கித்துத் தீர்ப்பினும் 1, −3 என்னும் இரண்டும் தோன்றும். −3 ஐப் பிரதியிடின் இடப்பக்கம் 6, வலப்பக்கம் −6. இவ்விரண்டின் வர்க்கமும் 36 ஆதலின், வர்க்கித்தல் அவற்றின் வேறுபாட்டை மறைத்துப் போலி மூலத்தைப் புகுத்திவிடுகின்றது. ஆதலாற் பெற்ற விடையை முதற் சமன்பாட்டிற் பிரதியிட்டுச் சரிபார்த்தல் தீர்வின் இன்றியமையாத உறுப்பாகும்.

இனி, |ய − 1| + |ய − 4| = 3 என்பதைக் கருதுக. ய ஆனது 1 இற்கும் 4 இற்கும் இடைப்பட்டது எனக் கொண்டு சுருக்கின் 3 = 3 என்பதே எஞ்சும். ய மறைந்தமை கண்டு விதியை மாத்திரம் அறிந்தவன் திகைப்பான். தூரம் என்னும் பொருளை அறிந்தவனோ, 1 இலிருந்து 4 வரையுள்ள தூரமே 3 ஆதலின், அவ்விரண்டும் உட்பட இடையிலுள்ள எண்கள் அனைத்தும் தீர்வுகளாம் என உடனே உணர்வான். வலப்பக்கம் 2 ஆயின் தீர்வே இல்லை. 5 ஆயின் 0, 5 என்னும் இரண்டே தீர்வுகள்.

ஒரே வடிவான சமன்பாடு, ஓரெண் மாறிய அளவில், தீர்வின்றியும் இரு தீர்வுகளோடும் முடிவிலாத் தீர்வுகளோடும் அமைதல் காண்க. இவ்வேறுபாட்டின் காரணத்தை விதி கூறாது. குறியின் பொருளே கூறும்.